கடைமடைப் பிள்ளைகள் தலைமடை பார்க்கட்டும்

(தஞ்சாவூரில் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று நாம் எல்லோரும் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். சுற்றுலா வழிகாட்டிகள் சொல்கிறார்கள். பேச்சுப் போட்டி மேடையில் பிள்ளைகள் கையை உயர்த்திச் சொல்கிறார்கள், நாமும் கைதட்டுகிறோம். கோயில் இந்த ஊரில்தான் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு விமானத்துக்குப் பின்னால் மேற்குப் பிராகாரத்தில் போய் நில்லுங்கள். நிழல் தரை முழுக்கப் படர்ந்து, திருச்சுற்று மாளிகையை நோக்கி நீண்டு கிடக்கும். ஆயிரம் ஆண்டாக அப்படித்தான் கிடக்கிறது.

அந்தப் பேச்சு காரணமில்லாமல் பிறந்திருக்காது. பங்குனியிலிருந்து ஆவணி முடியும்வரை உச்சி வெயில் நேரத்தில் நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே வந்துவிடுகிறது. அப்போது விமானத்தின் நிழல் அதன் அகன்ற அடிக்குள்ளேயே அடங்கிவிடும். பார்ப்பவருக்கு நிழலே இல்லாததுபோலத் தோன்றும். மார்கழியில் போய்ப் பாருங்கள். சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நண்பகலிலும் நிழல் வடக்கே, சண்டிகேசுவரர் சன்னதி இருக்கும் பக்கம், தரையில் விழுந்திருக்கும்.

இனி கணக்கு ஆசிரியரின் வேலை. விமானத்தின் உயரம் நூலுக்கு நூல் மாறுகிறது. ஏறத்தாழ 200 அடி என்று பொதுவாகச் சொல்லலாம். சரியான எண் என்ன என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேளுங்கள். ஒரு மீட்டர் குச்சியை நிறுத்தி அதன் நிழலை அளக்கட்டும். அதே நேரத்தில் விமானத்தின் நிழலையும் அளக்கட்டும். வடிவொத்த முக்கோணம் அவர்களுக்குத் தெரியும். ஆனால் முதல் விடை தப்பாகத்தான் வரும். விமானத்தின் உச்சி நிற்பது அடிப்பகுதியின் நடுவில். சுவர் ஓரத்திலிருந்து அளந்தால் போதாது, அடிப்பக்கத்தில் பாதியையும் கூட்ட வேண்டும். அடி ஒரு பக்கம் சுமார் 30 மீட்டர், ஆகவே 15 மீட்டரைச் சேர்க்க வேண்டும். இதை நாம் சொல்லக் கூடாது. சுடுகிற கல்தரையில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டு அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்கிற பிள்ளை பெரும்பாலும் நம் முதல் மதிப்பெண்காரராக இருக்க மாட்டார். எத்தனையோ முறை இதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு காலைப் பொழுதில் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது? வடிவொத்த முக்கோணம் கையில் பிடிபட்டது. சூரியனின் ஓட்டம் விளங்கியது. அதைவிடப் பெரியது ஒன்று: ஊரே சொல்கிற ஒரு செய்தியை நேரில் போய்ச் சோதித்துப் பார்க்கலாம் என்று தெரிந்தது. அப்படிச் சோதித்ததால் கோயிலின் பெருமை ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை என்பதும் தெரிந்தது. வகுப்பறைக்குள் எத்தனை மணி நேரம் பேசினாலும் இந்தக் கடைசிச் செய்தியைப் புரியவைக்க முடியாது. பள்ளிப் பயணத்தைப் பாடத்தின் ஒரு பகுதியாகவே வைக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். பாடம் என்றால் அதற்குத் தயாரிப்பு வேண்டும். பாடம் என்றால் வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அது சேர வேண்டும். இன்று நான் சொல்லப்போவதெல்லாம் இந்த இரண்டும்தான்.

அதே கோயிலில் இன்னும் சிறிது நேரம் நிற்போம். அடிப்பகுதியின் கல்லெல்லாம் எழுத்து. 1010ஆம் ஆண்டையொட்டிக் குடமுழுக்குக் கண்ட கோயிலுக்குத் தான் கொடுத்ததும், அக்காள் குந்தவை கொடுத்ததும், அரசியர் கொடுத்ததும், மற்றவர் கொடுத்ததும் கல்லில் வெட்டப்பட வேண்டும் என்று இராசராசன் ஆணையிட்டிருக்கிறான். கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயர் அங்கே இருக்கிறது. பல ஊர்த் தளிகளிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய ஏறத்தாழ 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிய பெண்களின், பெயர்கள் இருக்கின்றன. வெறும் பெயர் மட்டுமல்ல, எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவள் என்ற விவரமும் இருக்கிறது. தபால்காரர் கையில் கொடுத்தால் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார், அவ்வளவு துல்லியமான முகவரி. நம் பிள்ளைகளுக்கு இராசராசனின் பெயரும் பட்டங்களும் மனப்பாடம். அந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயரைக்கூட அவர்கள் கேட்டதில்லை. அந்தக் கல்லின் முன்னால் ஒரு வகுப்பை உட்காரவைத்து, ட, ப போன்ற இன்றைக்கும் அடையாளம் தெரிகிற எழுத்துகளிலிருந்து தொடங்கி, புள்ளியில்லாத அந்த வரிகளில் ஒரே ஒரு பெயரையாவது கூட்டிப் படிக்கவையுங்கள். வரலாறு என்பது அரசர்களின் வரிசை என்ற எண்ணம் அங்கேயே கலைந்துவிடும்.

நாம் வழக்கமாக அழைத்துப்போகும் சுற்றுலாவையும் நினைத்துப் பார்க்க வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்குப் பேருந்து. முன்கண்ணாடிக்குக் கீழே கல்விச் சுற்றுலா என்று பேனர். ஒரே நாளில் ஏழெட்டு இடம். ஒவ்வோர் இடத்திலும் அரை மணி நேரம், அதில் பாதி எண்ணிக்கை எடுப்பதிலும் கழிப்பறை தேடுவதிலும் போய்விடுகிறது. மாலையில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா, இரவெல்லாம் பாட்டு, மறுநாள் விடுமுறை. பிள்ளைகள் சேர்ந்து பாடட்டும், ஆடட்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து நாலு பேர் பகிர்ந்து உண்பதுகூட ஒரு கல்விதான், வீட்டில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று எழுதாத சட்டம் இருக்கிற நாட்டில் அது பெரிய கல்வி. என் வருத்தம் வேறு. ஏழு இடம் பார்த்த பிள்ளை ஏழிலும் எதையும் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை, கேட்பதற்கு எதையும் கையில் கொண்டுவரவும் இல்லை.

ஓர் இடம் போதும். ஆனால் அந்த இடத்துக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பே வகுப்பில் வேலை தொடங்கிவிட வேண்டும். ஆசிரியர் முதலில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். பிள்ளைகள் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு வர வேண்டும், விடை புத்தகத்தில் கிடைக்காத கேள்வியாக. இரண்டு மூன்று பேருக்கு ஒரு பொறுப்பு: ஒருவர் அளக்கட்டும், ஒருவர் வரையட்டும், ஒருவர் அங்கே வேலை செய்பவரிடம் பேசட்டும். திரும்பி வந்த மறுநாள் முதல் பாடவேளையை அதற்கே கொடுத்துவிடுங்கள். கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். வராத வகுப்புக்கு இவர்கள் போய்ச் சொல்லட்டும்.

இதெல்லாம் ஆசிரியரின் ஆசை, இதற்குச் சான்று உண்டா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் அர்க்கன்சா மாநிலத்தின் பென்டன்வில் என்ற சிற்றூரில் 2011இல் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற ஓவிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பிள்ளைகளை அழைத்துவரப் பள்ளிகள் முண்டியடித்தன. எல்லோருக்கும் உடனே இடம் கொடுக்க முடியாததால் குலுக்கல் நடத்தினார்கள். அர்க்கன்சா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை நல்ல வாய்ப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். போய்வந்த மாணவர், இன்னும் போகாத மாணவர் என இரு சாராரிடமும், 123 பள்ளிகளில் ஏறத்தாழ 11,000 பேரிடம் வினாத்தாள் கொடுத்துப் பார்த்தார்கள். அருங்காட்சியகத்தில் மேப்பிள் மரச் சாற்றில் சர்க்கரை காய்ச்சுவதைக் காட்டும் ஓர் ஓவியம் உண்டு. அடிமைகளின் உழைப்பில் விளைந்த கரும்புச் சர்க்கரையை வாங்க மறுத்தவர்களுக்கு இந்தச் சர்க்கரை ஒரு மாற்றாக இருந்தது. வாரங்கள் கழித்துக் கேட்டபோதும் அந்த ஓவியத்தைப் பார்த்திருந்தவர்களில் 88 விழுக்காட்டினர் அந்தச் செய்தியை நினைவில் வைத்திருந்தார்கள். அவர்களை மனப்பாடம் செய்யச் சொன்னவர் யாரும் இல்லை, தேர்வும் இல்லை. தாங்கள் முன்பின் பார்த்திராத ஓர் ஓவியத்தைக் கொடுத்து எழுதச் சொன்னபோதும் போய்வந்தவர்கள் கூர்ந்து பார்த்து எழுதினார்கள். தமக்கு ஒவ்வாத கருத்தையும் பொறுத்துக்கொள்ளும் மனநிலை அவர்களிடம் கூடியிருந்தது. இத்தனைக்கும் அது அரை நாள் பயணம்தான்.

அந்த ஆய்வில் என்னை மிகவும் தைத்த செய்தி வேறு. கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளிடமும் வறுமை மிகுந்த பள்ளிகளின் பிள்ளைகளிடமும் இந்தப் பயன் மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு இருந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையை அப்பா அம்மா எங்காவது அழைத்துப் போய்விடுகிறார்கள். மற்றப் பிள்ளைக்குப் பள்ளிதான் கதி.

ஆனால் நம் பேருந்தில் ஏறாமல் நின்றுவிடுவது அந்தப் பிள்ளைதான். பணம் கட்டியவர்கள் கை தூக்குங்கள் என்று வகுப்பில் கேட்கிறோம். தூக்காத பிள்ளை, தனக்குக் காய்ச்சல் என்றும், பாட்டி ஊருக்குப் போகிறேன் என்றும், பேருந்தில் போனால் வாந்தி வரும் என்றும் காரணம் சொல்லும். நாமும் நம்பிவிடுகிறோம். சுற்றுலா நாளில் மீதிப் பிள்ளைகளை ஒரே அறையில் உட்காரவைத்து வருகைப் பதிவு மட்டும் எடுத்து அனுப்புகிற வழக்கம் நம்மில் பலருக்குத் தெரியும். கணக்குப் பாடத்தை, கட்டணம் கட்டியவருக்கு மட்டும் நடத்துவோம் என்று எந்த அரசுப் பள்ளியாவது சொல்லுமா? பயணமும் பாடம்தான் என்றால் அதற்கும் அதே நியாயம்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளாக நம் அரசு போட்டிகளில் வெல்லும் அரசுப் பள்ளி மாணவர்களை வெளிநாடுகளுக்கு அழைத்துச் செல்கிறது. கூலிவேலை செய்பவரின் மகள் விமானத்தில் ஏறுகிற செய்தியைப் படிக்கும்போது எனக்கும் கண் நிறைகிறது. அது தொடரட்டும், பெருகட்டும். ஆனால் பயணம் என்றாலே வென்றவருக்குக் கிடைக்கும் பரிசு என்ற எண்ணம் நம் மனத்தில் ஊன்றிவிடக் கூடாது. வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்குத்தான் வெளியுலகம் அதிகம் தேவைப்படுகிறது. அவனை முதலில் ஏற்றுங்கள்.

செலவுக்கு வழி என்ன? முதலில் தூரத்தைக் குறையுங்கள். நம் டெல்டாவில் நடந்தோ டவுன் பஸ்ஸிலோ போகிற தூரத்தில் ஒரு வகுப்புக்கு ஓராண்டுப் பாடம் கிடக்கிறது. தூரம் போகவேண்டும் என்றால் ரயிலைப் பாருங்கள். ஊரகப் பகுதி அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கல்விச் சுற்றுலாவுக்கு இரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு கட்டணச் சலுகை ரயில்வே விதிகளில் இருக்கிறது. கேட்டு வாங்கும் பள்ளிகள் குறைவு.

நம் டெல்டாவில் என்றேனே, கல்லணையையே எடுத்துக்கொள்வோம். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துப் பிள்ளைகள் கடைமடைப் பிள்ளைகள். புது ஆறு என்று அவர்கள் வீட்டில் சொல்லும் கல்லணைக் கால்வாயின் தண்ணீர்தான் அவர்கள் வயலுக்கு வர வேண்டும். ஜூன் 12 வந்தால் மேட்டூர் திறந்தாச்சா என்ற பேச்சுதான் டீக்கடையில். திறந்த தண்ணீர் சில நாளில் கல்லணைக்கு வரும். அவர்கள் ஊர் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்பது வேறு கதை. அந்தப் பிள்ளையைக் கல்லணையில் கொண்டுபோய் நிறுத்துங்கள். காவிரி ஒரு பக்கம், வெண்ணாறு ஒரு பக்கம், தன் ஊருக்கு வரும் புது ஆறு ஒரு பக்கம், வெள்ளம் வந்தால் கொள்ளிடம் ஒரு பக்கம். நான்கு மதகு வரிசைகளையும் ஒரே இடத்தில் பார்க்கும்போது, தன் ஊரில் தண்ணீர் இல்லாத நாளில் அது வேறு யாரோ ஒருவருடைய வயலில் இருக்கிறது என்பது புரியும். கரிகாலன் பெயரோடு நின்றுவிடும் வரலாற்றுப் பாடம் அங்கே நீட்சி பெறும். 19ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் இங்கே வந்து, மணலில் கல்லைப் போட்டு எப்படி அணை நிறுத்தினார்கள் என்று பார்த்துக் கற்றுக்கொண்டார். பிறகுதான் 1836இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். அந்த மேலணையில் 2018 ஆகஸ்டில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயின. கல்லணையும் முக்கொம்பும் ஒரே பகலில் பார்க்கக்கூடியவை. அணை என்றால் கட்டி முடித்துவிட்டால் போதும் என்பதில்லை, ஒவ்வோர் ஆண்டும் பராமரிக்க வேண்டிய ஒன்று என்பதை அந்த இரண்டு இடமும் சேர்ந்து சொல்லும்.

தங்குவதற்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒரு ஜெர்மானிய ஆசிரியரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பெயர் ரிச்சர்டு ஷிர்மான், ஆல்டெனா என்ற ஊரில் பள்ளி ஆசிரியர். பிள்ளைகளை நாள்கணக்கில் கால்நடையாக அழைத்துச் சென்று பாடம் நடத்துவது அவர் வழக்கம். 1909 ஆகஸ்டில் அப்படிப் போனபோது வழியில் இடி மழை பிடித்துக்கொண்டது. ஒரு கிராமத்துப் பள்ளியில் இடம் கொடுத்தார்கள், வைக்கோல் பரப்பிப் பிள்ளைகளைப் படுக்கவைத்தார். அன்றிரவு தூங்காமல் அவர் யோசித்தார்: விடுமுறையில் எல்லா ஊர்ப் பள்ளிகளும் பூட்டித்தானே கிடக்கின்றன, அவற்றைப் பயணம் வரும் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் என்ன? இன்று உலகமெங்கும் இருக்கும் இளைஞர் விடுதிகளின் தொடக்கம் அந்த இரவுதான். 1912இல் ஆல்டெனாவின் பழைய கோட்டையில் முதல் நிரந்தர விடுதி திறந்தது. நமக்குக் கோட்டை தேவையில்லை. காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் பூட்டிக் கிடக்கும் நம் வகுப்பறைகளும், சத்துணவுக் கூடங்களும் போதும். இன்று எங்கள் பள்ளியில் நீங்கள் தங்குங்கள், அடுத்த முறை உங்கள் பள்ளிக்கு நாங்கள் வருகிறோம் என்று இரண்டு தலைமையாசிரியர்கள் பேசிக்கொண்டால் விடுதிச் செலவே இல்லை.

இப்படிப் பேசிக்கொண்டே வந்தால் நாம் சுற்றுலாவைக் கடந்து பரிமாற்றத்துக்கு வந்துவிடுகிறோம். இரண்டும் வேறு வேறு. சுற்றுலாவில் பிள்ளை இடத்தைப் பார்க்கிறது. பரிமாற்றத்தில் ஒரு வீட்டில் விருந்தாளியாக இருக்கிறது, பிறகு தன் வீட்டுக்கு ஒருவரை அழைத்து விருந்து வைக்கிறது. நம் வீட்டை இன்னொருவர் கண்ணால் பார்க்கும் நாள் அது. அதன் படிப்பினை ஆழமானது, சில சமயம் வலிக்கவும் செய்யும்.

மாணவர் பரிமாற்றத்தைப் பெரிய அளவில் தொடங்கியவர்களில் பலர் போரைக் கண்டவர்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். இரண்டு உலகப் போர்களிலும் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சென்ற அமெரிக்க ஆம்புலன்ஸ் தொண்டர்கள்தான் 1947இல் பள்ளி மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கினார்கள். ஏ.எஃப்.எஸ். என்ற அந்த அமைப்பு இன்றும் இருக்கிறது. பிரான்சும் ஜெர்மனியும் 1870இலிருந்து 1945க்குள் மூன்று முறை போரிட்டன. முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டுச் சிறையில் இருந்தவர் பிரான்சின் தலைவர் டி கோல். அவரே 1962 செப்டம்பரில் லுட்விக்ஸ்பர்க் நகரில் ஜெர்மானிய இளைஞர்கள் முன் நின்று ஜெர்மன் மொழியிலேயே பேசினார். மறு ஆண்டு ஜனவரி 22 அன்று இரு நாடுகளும் எலிசே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்த ஆண்டே இளைஞர் பரிமாற்றத்துக்கென்று இரு நாட்டுப் பணத்தில் ஒரு கூட்டு அலுவலகம் பிறந்தது. அன்று முதல் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளையோர் அதன் வழியாக எல்லை கடந்திருக்கிறார்கள். பெரும்பாலும் எளிய ஏற்பாடுதான்: ஒரு வகுப்பு போய் ஒரு வாரம் அந்த ஊர்ப் பிள்ளைகளின் வீடுகளில் தங்கும், சில மாதம் கழித்து அவர்கள் இங்கே வருவார்கள். பாட்டன் சுட்டவனின் பேரன் வீட்டில் காலைச் சிற்றுண்டி சாப்பிட்ட தலைமுறை அது. அரசியல் தலைவர்கள் மாறினார்கள், இரு நாட்டுக்கும் இடையில் மனக்கசப்புகள் வந்தன, ஆனால் அந்தப் பிள்ளைகளின் போக்குவரத்தை நிறுத்த வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

நமக்கு அப்படி ஒரு சண்டை இருக்கிறதா? தஞ்சாவூரில் நின்றுகொண்டு இதைக் கேட்க வேண்டியதில்லை. காவிரி நடுவர் மன்றம் 1990இல் அமைந்தது. 1991இல் இடைக்காலத் தீர்ப்பு வந்ததும் கர்நாடகத்தில் தமிழர் தாக்கப்பட்டார்கள். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்தன. இங்கும் கன்னடர் நடத்தும் கடைகள் தாக்கப்பட்டன. 2018இல் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் நமக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தண்ணீர் விட வேண்டும் என்று சொன்னது. மழை பொய்க்கும் ஒவ்வோர் ஆண்டும் அதே கோபம் மீண்டும் வருகிறது. நம் பிள்ளைக்குக் கர்நாடகத்தின் மாண்டியா என்ற ஊர்ப் பெயர் தெரியும், தண்ணீரை மறிக்கிறவர்களின் ஊராகத் தெரியும். மாண்டியாப் பிள்ளைக்குத் தஞ்சாவூர் என்றால் எப்போதும் தண்ணீர் கேட்டுக்கொண்டிருப்பவர்களின் ஊர். இரு பிள்ளைகளின் அப்பாவும் நெல்லும் கரும்பும் போட்டவர், இருவரும் கடன்பட்டவர்.

பெரியவர்கள் இதை ஒருமுறை செய்து காட்டியிருக்கிறார்கள். 2003இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் முயற்சியில் இரு மாநில விவசாயிகளும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். காவிரிக் குடும்பம் என்று அதற்குப் பெயர். நம் மன்னார்குடி ரெங்கநாதன் அதில் முன்னின்றார். டெல்டா விவசாயிகள் அங்கே போய் வயல்களைப் பார்த்தார்கள், அவர்கள் இங்கே வந்து நம் வறண்ட வாய்க்கால்களைப் பார்த்தார்கள். வழக்கு அதனால் முடிந்துவிடவில்லை. ஆனால் ஒருவர் கஷ்டத்தை ஒருவர் பொய் என்று சொல்வது அந்த அறைக்குள் நின்றுபோனது. முடி நரைத்த பிறகு செய்த அந்தக் காரியத்தைப் பதினான்கு வயதில் செய்தால் என்ன என்பதே இன்று உங்கள் முன் நான் வைக்கும் கோரிக்கை.

பேராவூரணியில் ஒரு பள்ளி, மாண்டியா மாவட்டத்தில் ஒரு பள்ளி. ஒன்பதாம் வகுப்பு. முதலில் ஓராண்டு கடிதமும் வீடியோ அழைப்பும். அந்த ஓராண்டில் நம் பிள்ளை கொஞ்சம் கன்னடம், அவர்கள் கொஞ்சம் தமிழ். இரண்டும் அக்காள் தங்கை மொழிகள், எண்களைச் சொல்லிப் பார்த்தாலே பிள்ளைகளுக்குச் சிரிப்பு வந்துவிடும். பிறகு ஒரு வாரம் நம் பிள்ளைகள் அங்கே. ராகி முத்தையை மெல்லாமல் விழுங்கப் பழகட்டும். கிருஷ்ணராஜ சாகர் அணையின் நீர்மட்டத்தை அங்குள்ள வீடுகள் எவ்வளவு கவலையோடு செய்தித்தாளில் பார்க்கின்றன என்று தெரிந்துகொள்ளட்டும். நாம் மேட்டூரைப் பார்க்கும் அதே கவலைதான். அடுத்த பருவத்தில் அவர்கள் இங்கே வரட்டும். கடைமடையில் தண்ணீர் எட்டாத வயலையும், கோடியக்கரைக்கு வரும் பறவைகளையும், காவிரி கடலில் சேரும் பூம்புகாரையும் பார்க்கட்டும். தங்கள் ஊர் வழியாகப் போகும் ஆறு கடைசியில் என்ன ஆகிறது என்பதை அந்தப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. நம் பிள்ளைகள் அது எங்கே தொடங்குகிறது என்பதைப் பார்த்ததில்லை.

இது நடக்காத காரியம் என்று நினைக்காதீர்கள். நவோதயா பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களில் 30 விழுக்காட்டினரை வேறு மொழி பேசும் மாநிலத்துப் பள்ளிக்கு ஓராண்டு அனுப்புவது விதி. அந்தப் பள்ளிகளின் மொழிக் கொள்கையில் நமக்கு மாற்றுக் கருத்து உண்டு, தமிழ்நாட்டில் அவை இல்லை. ஆனாலும் வேறு மாநிலத்தில் வேறு மொழிக்காரரோடு ஓராண்டு வாழ்ந்துவிட்டுப் பிள்ளைகள் பத்திரமாகத் திரும்புகிறார்கள் என்பதற்கு அது சான்று. இரண்டு பள்ளிகளை இணைக்கும் ஏற்பாடு ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்திலேயே இருக்கிறது. மாண்டியா வரை போக முடியாதவர்கள் நீலகிரியில் ஒரு பள்ளியோடு, இராமேசுவரத்தில் ஒரு மீனவர் ஊர்ப் பள்ளியோடு தொடங்குங்கள்.

பெற்றோரே, உங்கள் அச்சத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வதோதராவில் பள்ளிப் பிள்ளைகள் ஏறிய படகு ஏரியில் கவிழ்ந்தது. 12 மாணவர்களும் இரண்டு ஆசிரியைகளும் போய்விட்டார்கள். படகில் அளவுக்கு மீறிய கூட்டம், பலருக்கு உயிர்காப்பு அங்கி இல்லை. 2022 அக்டோபரில் கேரளத்தின் வடக்கஞ்சேரியில் ஊட்டிக்குப் புறப்பட்ட பள்ளிச் சுற்றுலாப் பேருந்து நள்ளிரவில் விபத்துக்குள்ளானது. இரண்டு இடத்திலும் பயணம் குற்றவாளி இல்லை. இரவு ஓட்டமும், அங்கி இல்லாத படகும், யாரும் கேள்வி கேட்காத அவசரமும்தான் குற்றவாளிகள். பொழுது சாய்ந்த பின் பேருந்து ஓடக் கூடாது. தண்ணீரில் இறங்குவதாக இருந்தால் ஒவ்வொருவருக்கும் அங்கி, இல்லையென்றால் கரையிலிருந்து பார்த்தால் போதும். ஓட்டுநரிடம் உரிமத்தைக் கேட்டுப் பார்க்கும் துணிவு தலைமையாசிரியருக்கு வேண்டும். ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன் இவற்றைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கேளுங்கள். ஆனால் பெண்பிள்ளை என்ற காரணத்துக்காக மட்டும் கையெழுத்தை மறுக்காதீர்கள். அண்ணனை அனுப்பிவிட்டுத் தங்கையை நிறுத்துகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. வேண்டுமானால் ஒரு தாய் உடன் வரட்டும், பள்ளி அதற்கு இடம் கொடுக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்குப் போகமுடியாத இடம் என்றால் இடத்தை மாற்றுங்கள், பிள்ளையை மாற்றாதீர்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இந்தப் பயணத்தை ஜனவரியில் பொங்கல் முடிந்து யோசிக்கிறோம். இனி ஜூன் மாதத்தில், ஆண்டுத் திட்டம் எழுதும்போதே எழுதிவிடுங்கள். எந்த வகுப்பு, எந்த இடம், எந்தப் பாடத்தோடு சேர்த்து என்று எழுதுங்கள். கீழே செலவைப் போடுங்கள், வருகைப் பதிவேட்டில் உள்ள எல்லோருக்குமான மொத்தச் செலவை. பணம் கட்டக்கூடியவர்களின் கணக்கை அங்கே கொண்டுவராதீர்கள். அந்தத் தொகையோடு பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும், ஊராட்சிக்கும், வெளியூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர்களுக்கும் போங்கள். ஆறு மாதம் இருக்கிறது, சேர்ந்துவிடும். சேரவில்லை என்றால் தூரத்தைக் குறையுங்கள், பெயர்களைக் குறைக்காதீர்கள். மாண்டியாவில் ஒரு பள்ளியோடு எழுதிப் பார்க்க விரும்பும் தலைமையாசிரியர்கள் கூட்டம் முடிந்ததும் முன்வரிசைக்கு வாருங்கள். முதல் கடிதத்தைக் கன்னடத்தில் எழுதித் தருகிறேன் என்று நண்பர் ஒருவர் ஒத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்.